அண்ணி எரித்த தாவணி

என்னோடு சண்டை போட்டுப் போட்டே சொந்தமாகிப் போன என் அன்பு ஆரோக்கியம் அண்ணிக்கு,

வருகிற வாரம் கல்லறைத் திருநாள். உங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அண்ணன்தான் அடித்தார், பாதி தரையில் கொட்டியது, அது வேறு கதை. அன்றைக்கு நம் மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் வருகிறார்கள். அவர்கள் முன்னால் இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கப் போகிறேன். சேதி உங்களுக்குத்தான். கேஸில் தீர்ப்பு வந்துவிட்டது.

என்ன தீர்ப்பு என்று உடனே சொல்லிவிடவா? குழம்பில் உப்பு குறைவு என்பதைச் சொல்லவே நீங்கள் ஊரைச் சுற்றி வருவீர்கள். நானும் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கப் போன இடத்தில் ஒருவன் என்னைப் பலவந்தப்படுத்தினான். அவன் பெயரை உங்கள் கடிதத்தில் எழுத மாட்டேன். எப்படியோ வீடு வந்து வாசலில் நின்றேன். அப்போது நமக்குள் பேச்சு வார்த்தையே இல்லை. களியில் கட்டி விழுந்திருக்கிறது என்று முந்தின நாள் நான் சொல்லப் போக, களி கிண்டுகிற துடுப்பை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனவராயிற்றே நீங்கள்!

அன்று நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தண்ணீர் காய வைத்தீர்கள், மஞ்சள் தேய்த்துத் தலைக்கு ஊற்றினீர்கள். கெட்டது நடந்தால் தலை முழுகி, கட்டியிருந்த துணியைக் கழித்துவிடுவதுதானே நம் பக்கத்து வழக்கம்? என் தாவணி, பாவாடை, ஜாக்கெட் மூன்றையும் அடுப்பில் போட்டு எரித்தீர்கள்.

"அழுவாத கண்ணு. இந்த வூட்ல உன்ன ஒருத்தர் ஒரு சொல்லு சொல்ல நான் வுட மாட்டேன்" என்றீர்கள். நீங்கள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சங்கத்தை நடத்துகிற பால்வாடி டீச்சர் சரோஜா நம்மைப் போலீஸ் ஸ்டேஷனுக்கும், அங்கிருந்து தர்மபுரி ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார். டாக்டரம்மா கேட்டது இரண்டே கேள்வி.

"கட்டியிருந்த துணி எங்கம்மா?"

"எரிச்சுப்புட்டனுங்க."

"குளிச்சாச்சா?"

"நாந்தானுங்க தலைக்கு ஊத்துனேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். திட்டவில்லை. "அந்தத் துணிதாம்மா பெரிய சாட்சி" என்று மட்டும் சொன்னார். பாப்பிரெட்டிப்பட்டி வந்து சேரும் வரை பஸ்ஸில் நீங்கள் உங்கள் இரண்டு உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். உங்களை அப்படிப் பார்த்ததில் எனக்குப் பயமாகிவிட்டது.

கேஸ் வாய்தா வாய்தாவாக இழுத்தது. அப்பாவுக்கு வெட்கம், அண்ணனுக்குப் பயம். அவன் ஆட்களோ கோர்ட் வராந்தாவைக் கல்யாணப் பந்தல் மாதிரி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் நாம் இரண்டு பேர் எத்தனை தடவைதான் போய் நிற்பது?

களையெடுப்புக்கு மாற்றாள் போவோமே, இன்று உன் காட்டுக்கு நான், நாளை என் காட்டுக்கு நீ என்று, அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர உங்களுக்குத்தான் தோன்றியது. வாய்தாவுக்கு என்னோடு வருகிறவளின் காட்டில் மறுநாள் நீங்கள் குனிந்து களையெடுத்தீர்கள். முதல் தடவை நாலு பேர் வந்தார்கள். பிறகு பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கண்டக்டர், "ஏனுங்க, இத்தன பேரு எந்தூருக் கண்ணாலத்துக்கு?" என்றார். நம் சங்கத்து முனியம்மா சும்மா இருப்பாளா? "ஒருத்தன மாமியார் வூட்டுக்கு அனுப்பி வெக்கப் போறமுங்க" என்றாள். அந்த ஆறு வருஷத்தில் நான் முதலில் சிரித்தது அங்கேதான்.

வராந்தாவில் அவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்கள். தோலை எந்தப் பக்கம் ஊதினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா!

நீங்கள் கூண்டில் ஏற வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அண்ணன் உங்களிடம் கெஞ்சினார். "துணி ஆத்துல போச்சுன்னு சொல்லிரு ஆரோக்கியம். நாமளே எரிச்சோம்னா கேசு நிக்காது." மறுநாள் எதிர் வக்கீல், "சாட்சியை நீயே அழிச்சிட்டு இங்க வந்து கதை சொல்றியாம்மா?" என்று கேட்டார்.

"கதையில்லீங்க. எரிச்சது நாந்தானுங்க. எங்க வூட்டுப் புள்ள அந்தத் துணிய இன்னொருக்கா பாக்கக் கூடாதுன்னு எரிச்சனுங்க. கோர்ட்டுல கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் தெரியாமச் செஞ்சனுங்க. அவன் தெரிஞ்சே செஞ்சானுங்க."

கூண்டில் அப்படிச் சொன்ன நீங்கள், வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். மஞ்சள் காமாலையில் படுத்த பிறகும் அதையேதான் சொன்னீர்கள். "நீ தோத்தியானா அது என்னாலதான்டி லூர்து." இல்லை அண்ணி என்றேன். நான் சொல்லி நீங்கள் எதை நம்பினீர்கள்? அந்தப் பாரத்தோடே போய்விட்டீர்களே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இப்போது கேளுங்கள். போன மாதம் அவனுக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. அரசு வக்கீல் தமிழில் சொன்னார்: பொய் சொல்ல வந்தவள் தன் தப்பைத் தானே கோர்ட்டில் சொல்ல மாட்டாள், இந்தப் பெண்ணின் சாட்சியை நம்புகிறேன் என்று நீதிபதி எழுதியிருக்கிறாராம். அதை நான் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். கேஸ் உங்களால் தோற்கவில்லை அண்ணி. உங்களால்தான் ஜெயித்தது. அப்பீலுக்குப் போவார்களாம். போகட்டும், நமக்கும் பஸ் இருக்கிறது.

சங்கத்துக்கு இப்போது நல்லம்பள்ளிப் பக்கமிருந்துகூட வருகிறார்கள். என்னைப் போல ஒருத்தி வந்தால் முதலில் பக்கத்தில் உட்காருகிறோம். "கொஞ்சம் பொறு கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து குளிச்சுக்கலாம்" என்று சொல்வது என் வேலை. துணியைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போவது முனியம்மா வேலை. போலீஸ் வேண்டாம் என்கிறவளை நாங்கள் வற்புறுத்துவதில்லை. அவள் காட்டுக்கும் ஆள் போகத்தான் செய்கிறது.

நான் நன்றாக இருக்கிறேன். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், கொஞ்சம் பெருத்தும் விட்டேன். மாப்பிள்ளை பார்க்கிறேன் என்கிறார் அண்ணன். பார்க்கட்டும், பிடித்தால் சொல்கிறேன்.

ஒன்றுதான் பாக்கி. உங்கள் மகள் ஜெயா எட்டாவது படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். போன வாரம் எனக்குக் கடிதம் போட்டிருந்தாள். 'அத்தை, எங்கம்மா எதுக்குக் கோர்ட்டுக்குப் போச்சு? இங்க ஒரு புள்ள என்னென்னமோ சொல்லுது.' சின்னப் பிள்ளை, மறைத்துவிடு என்கிறார் அண்ணன்.

மறைக்க மாட்டேன் அண்ணி. கிறிஸ்மஸ் லீவுக்கு அவள் வந்ததும், எனக்கு என்ன நடந்தது, அவள் அம்மா என்ன செய்தாள் என்பதை என் வாயாலேயே சொல்லப் போகிறேன். தலையைக் குனிந்துகொண்டு சொல்ல மாட்டேன், இது சத்தியம். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, எப்போதும்போல என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். உங்கள் வயிற்றில் பிறந்தவளாயிற்றே!

உங்கள் மகளுக்கு அத்தையும்
உங்களுக்கு நாத்தனாருமான
லூர்து