ஜாபர் அணைக்காத என்ஜின்

நவம்பர் 2, ஞாயிறு

மூலக்கடை மேம்பாலத்தில் வண்டி இழுக்கவில்லை. ஜாபர் முந்திப் போனான். இன்று நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் பிரியாணி.

காலையில் தூறல். செங்குன்றத்தில் மாமனார் வழியில் ஒரு நிச்சயதார்த்தம். என் வண்டியில் நான், ஹசீனா, மாமியார், சீர்த்தட்டுகள். பின்னால் ஜாபர் வண்டி. அவன் என் சகலை, ஹசீனாவின் தங்கை ரிஸ்வானாவைக் கட்டியவன். அதற்கு முன்னால் ஆறு வருடம் என் என்ஜின் எண்ணெய்க் கடையில் பேரல் உருட்டியவன். அவன் மறந்துவிட்டது போலத் தெரிவதால் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாலம் ஏறும்போது மூன்றாவது கியர். மிதிக்கிறேன், ஊளைச் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. எங்கோ ஆம்புலன்ஸ் வருகிறது என்று ஓரம் ஒதுங்கினேன். ஊளை என் பானட்டுக்குள்ளேயே இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. பைக்காரன் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ திட்டிவிட்டுப் போனான். ஜாபர் ஹாரன்கூட அடிக்கவில்லை. இண்டிகேட்டர் போட்டு மரியாதையாக முந்தினான். அந்த மரியாதைதான் எரிகிறது. ரிஸ்வானா கையாட்டினாள்.

ஹசீனா: "அவரும் இதே வண்டிதான வச்சிகினு கீறாரு?"

இதே வண்டிதான். ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே வெள்ளை. நாலு வருடத்துக்கு முன் ஒரே யார்டில், ஒரே நாளில், இரண்டும் செகண்ட் ஹேண்டாக. இரண்டுக்கும் பேரம் பேசியது நான். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இரண்டையும் ஓட்டிப் பார்த்து, நல்லதை நான் எடுத்துக்கொண்டு மற்றதை அவனிடம் தள்ளிவிட்டேன். அந்த மற்றதுதான் இன்றைக்கு என்னை முந்தியது.

திரும்பும்போது மாமியார் ஜாபர் வண்டியில். புகை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

நவம்பர் 3, திங்கள்

வெயில். வீட்டிலிருந்து தண்டையார்பேட்டை துளசி ஷெட் வரைக்கும் சைக்கிள் வேகம். துளசி எனக்கும் ஜாபருக்கும் ஒரே மெக்கானிக். இனி து.

து. செய்தது, ஞாபகத்துக்காக:

எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்தான். கீழ்க்கோட்டுக்கும் கீழே. பத்து நாள் முன்னால் நானே பார்த்து நிரப்பியது.

ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு, அதாவது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமானுக்கு, போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றினான். உள்ளே விசிறி மாதிரி சின்னச் சக்கரம். விரலால் தொட்டு ஆட்டினான். விழப்போகிற பல் போல ஆடியது.

இன்டர்கூலர் பைப்பைக் கழற்றினான். காற்று மட்டும் போகவேண்டிய பைப். ஒரு டம்ளர் எண்ணெய் கொட்டியது. என் கடை எண்ணெய். தூரத்திலிருந்து பார்த்தாலே சொல்வேன்.

"பூட்ச்சு பாய்."

"எது?"

"டர்போ. இந்தச் சக்கரம் தம்மாத்தூண்டு ஆடலாம். இது ஊஞ்சல் ஆடுது. சுத்தும்போது சுவத்துல ஒரசிகினு கீது, அதான் அந்த ஊளை. எண்ணெய காத்துப் பைப்புல தள்ளுது, அதான் பொகை."

"ரிப்பேர் பண்ணிக் குடு."

"சுவரே தேஞ்சி கீது. புச்சுதான் போடணும். ஆனா ஏன் பூட்ச்சுன்னு பாக்காம போட்டா புச்சும் ஒரு மாசத்துல பூடும். ரெண்டு நாள் வுடு என்னாண்ட."

சரி என்றேன். வெளியே வந்தவன் திரும்பிப் போய்க் கேட்டேன்.

"ஜாபர் வண்டிக்கு எப்ப மாத்துன?"

"இன்னாத்த?"

"டர்போ."

"அது யார்டுலந்து வந்தப்ப இருந்ததே தான் பாய். ஏன்?"

சும்மா என்றேன். நம்பவில்லை. ஜாபர் மறைவாக மாற்றியிருப்பான். து. வாய் திறக்க மாட்டான்.

நவம்பர் 4, செவ்வாய்

கடைக்கு ஷேர் ஆட்டோ. ஏழு பேர், ஒரு மீன் கூடை. கண்டெய்னர் லாரி வரிசையில் நாற்பது நிமிடம்.

கடைவாசல் வெறிச்சோடிக் கிடக்கிறது. என் வியாபாரமே அந்த இடத்தில் நிற்கும் வண்டியில்தான் நடக்கிறது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. புதிதாக யார் வந்தாலும் விலை பேசுவதற்கு முன் வாசலுக்குக் கூட்டிப்போவேன். பானட்டைத் தூக்குவேன், கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டுவேன். "என் வண்டிக்கும் இதே பேரல்தான்" என்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. படகுக்காரர்கள் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

லோகநாயகி அம்மாவுக்கும் அப்படித்தான் காட்டினேன், போன மாதம். திருவொற்றியூர். கணவர் போன பிறகு நாலு லாரி, அஞ்சு டிரெய்லர் என்று ஒன்பது வண்டியைத் தனியாக வைத்து ஓட்டுகிற மனுஷி. அத்திப்பட்டு வரைக்கும் போகின்றன. ஒன்பதுக்கும் வருடம் முழுக்க எண்ணெய் ஒரே இடத்தில் எடுக்கப் பார்க்கிறார். இப்போது தனியாக எண்ணெய்க் கடை வைத்திருக்கும் ஜாபரிடமும் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை வந்து முடிவு சொல்வதாக இன்று போன். "உங்க வண்டியையும் இன்னொருவாட்டி பாக்கறேன் பாய், டிரைவருங்களும் பாக்கட்டும்."

இந்த ஆர்டர் எனக்கு வராவிட்டால் பரவாயில்லை, எண்ணூரில் எவனுக்காவது போகட்டும். ஜாபருக்குப் போகக் கூடாது. இங்கே பொய் எழுதி என்ன பிரயோஜனம்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஜாபர் வண்டி வந்து நின்றது. அவன் கடை என் கடைக்கு எதிர் வரிசையில், நாலு தள்ளி. கண்ணாடிக் கதவு, ஏசி, சீல் வைத்த கேன்கள் மட்டும். பேரல் கிடையாது. வண்டியை நிறுத்தினான், என்ஜினை அணைக்கவில்லை. தினமும் இதே கூத்து. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். தெரு முழுக்கக் கேட்கவேண்டும் அவன் வண்டி எவ்வளவு மெதுவாக உறுமுகிறது என்று. பிறகு இறங்கி, "அண்ணே" என்று எனக்கு ஒரு சலாம். நானும் வைத்தேன்.

இன்று அவன் போட்டிருந்த சட்டை எனக்குப் பிடித்திருந்தது. அதுவும் எரிச்சல்.

நவம்பர் 5, புதன்

விடிகாலையிலிருந்து மழை. ஷெட் வாசலில் முழங்கால் தண்ணீர். து. செங்கல் போட்டு வழி பண்ணியிருந்தான்.

காரணம் கண்டுபிடித்துவிட்டான். டர்போவுக்கு என்ஜினிலிருந்து எண்ணெய் கொண்டுபோகும் பைப், பென்சில் கனம். என் கையில் கொடுத்து ஊதச் சொன்னான். ஊதினேன். காற்று போகவில்லை. கம்பியை விட்டுக் குத்தினான். கரி உதிர்ந்தது, அடுப்புக்கரி மாதிரி.

"எண்ணெய் போவாம காஞ்சி போய் சுத்திகீது. நிமிஷத்துக்கு லச்சம் சுத்து சுத்தற சாமான் அது."

"மூவாயிரம் கி.மீ.க்கு ஒருவாட்டி எண்ணெய் மாத்தறேன் துளசி. ஊர்ல எவன் மாத்தறான் அப்படி?"

"எந்த எண்ணெய்?"

கையில் ஒட்டிய கரியைத் துடைத்தேன்.

"பாய், உன் பேரல் எண்ணெய நான் கொற சொல்ல மாட்டேன். படகுக்கு, பழைய லாரிக்கு அது தங்கம். டர்போ சூட்டுக்கு அது நிக்காது, கருகிப் பூடும். வண்டி வாங்கின அன்னிக்கே சொன்னேன். நீ இன்னா சொன்ன? எண்ணெய் யாவாரிக்கே எண்ணெய் சொல்லித் தரியான்னு கேட்ட."

கேட்டிருப்பேன். என் வாய் அப்படி.

"இன்னொண்ணும் சொன்னேன். ஓட்டிகினு வந்தவுடனே சாவிய திருப்பாத, ஒரு நிமிஷம் சும்மா ஓட வுட்டு அப்பால ஆஃப் பண்ணு, சக்கரம் சூடு ஆறட்டும்னு. ரெண்டு பேரையும் நிக்க வச்சித்தான் சொன்னேன். ஜாபர் இன்னிக்கி வரிக்கும் செய்யுது. நீ?"

நான் வண்டி நிற்பதற்குள் சாவியைப் பிடுங்குகிறவன்.

நாலு வருடமாகத் தினமும் சாயங்காலம் அவன் தெருவுக்குக் காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் துளசி சொன்னதைச் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். இது தெரிந்தபின் பொறாமை குறையவேண்டும். கூடிவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. புது டர்போ வந்துவிட்டது, து.வே போய் எடுத்து வந்தான். கூடவே புது எண்ணெய்ப் பைப், கேஸ்கட், ஃபில்டர். அடித்தட்டைக் கழற்றிக் கசடு வழித்தான். இன்டர்கூலரைக் கழுவிக் காய வைத்திருக்கிறான். பழைய எண்ணெய் உள்ளே தங்கினால் என்ஜின் அதையே எரித்துத் தறிகெட்டு ஓடுமாம்.

இனி ஊற்றவேண்டிய எண்ணெயின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். ஆறு லி. இந்த வட்டாரத்தில் அந்த ரகம் வைத்திருக்கும் ஒரே கடை ஜாபர் கடை.

பாரிமுனைக்குப் போய் வாங்கலாமா என்று யோசித்தேன். முக்கால் நாள் போகும். ஸ்டாண்டு ஆட்டோக்காரர் மணியிடம் பணமும் சீட்டும் கொடுத்து, தன் மச்சான் வண்டிக்கு என்று சொல்லி வாங்கிவரச் சொன்னேன். வாங்கி வந்தார்.

"ஒண்ணும் கேக்கலியே?"

"ஒண்ணும் கேக்கல பாய். அண்ணன்கிட்ட சொல்லு, ஃபில்டரையும் சேத்து மாத்தச் சொல்லுன்னாரு."

பிறகு மணி ஐந்து நிமிடம் சிரித்தார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு வழி?

நவம்பர் 7, வெள்ளி

ஜும்மா முடிந்து நேராக ஷெட். மாட்டியாகிவிட்டது. அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யப் போனேன், து. சாவியைப் பிடுங்கிக்கொண்டான். முதலில் டர்போ வாயில் சின்ன புனல் வைத்து எண்ணெய் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றினான். பிறகு என்ஜின் பிடிக்காதபடி செய்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் நாலு தடவை சுழல விட்டான், எண்ணெய் மேலே ஏறுவதற்கு. அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட். பத்து நிமிடம் சும்மா ஓடியது. மிதிக்க விடவில்லை.

ஊளை இல்லை. புகை இல்லை. வைத்தியநாதன் பாலத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினோம். சிட்டாக இழுக்கிறது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அணைக்காமல் உட்கார்ந்தேன். ஹசீனா வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஜாபர் மாதிரியே குந்திகினு கீறீங்க?"

நவம்பர் 8, சனி

மேகமூட்டம். பதினோரு மணிக்கு லோகநாயகி அம்மா, இரண்டு டிரைவர்களுடன். வண்டி வாசலில் அதன் இடத்தில். கையில் வெள்ளைத் துணி. பழக்கம், கை தானாகப் பானட்டைத் தூக்கிவிட்டது. கம்பியை இழுத்தேன். தேன் நிறத்தில் எண்ணெய், இன்னும் கறுக்காதது.

பெரிய டிரைவர்: "இன்னா பாய், இவ்ளோ சுத்தமா கீது."

அம்மா: "இதே பேரல்தான?"

ஜாபர் கேன் எண்ணெயைக் காட்டி என் பேரலை விற்றிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. எதிர் வரிசையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவன் நிற்பதும் தெரிந்தது. அந்த அம்மாவின் வண்டிகள் ஒவ்வொன்றாக ஊளையிட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பதை நினைத்தேன். பயம்தான், பெரிய நாணயம் ஒன்றுமில்லை.

"இல்லம்மா. என் பேரல் ஊத்தித்தான் டர்போ பூட்ச்சு. இது வேற. கேன் எண்ணெய்."

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா துணியை வாங்கிக் கம்பியைத் துடைத்து, விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"அப்ப என் வண்டிங்களுக்கு?"

"டர்போ இல்லாத பழைய லாரி நாலு இருக்கே, துறைமுகத்துக்கும் கோடவுனுக்கும் ஓடறது, அதுக்கு என் பேரல் போதும். அஞ்சு டிரெய்லருக்கு இந்தக் கேன்தான்."

"யாவாரி சொல்ற பேச்சா இது. சரி, ரெண்டையும் நீங்களே குடுங்க. ஒரே பில்லு. ரெண்டு கடை ஏறி எறங்க என்னால முடியாது. திங்கக்கெழமை அனுப்பிடுங்க."

போய்விட்டார். ரோட்டைக் கடந்தேன். நாலு வருடத்தில் அந்தக் கண்ணாடிக் கதவை முதல்முறை தள்ளினேன். உள்ளே நல்ல குளிர். ஜாபர் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்தான். என் கடையில் வாடிக்கையாளருக்கு நான் துடைப்பது போலவே, அதே மாதிரி இரண்டு தட்டு.

எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, யார்டுல நல்ல வண்டிய நீங்க எடுத்துகினீங்க."

"தெரியுமா?"

"அப்பவே தெரியும். என்னுது எப்ப நிக்குமோன்னு பயம். அதான் துளசி சொன்னத ஒண்ணு வுடாம செய்யறேன். நல்ல வண்டி கெடச்சிருந்தா நானும் உங்கள மாதிரிதான் ஓட்டியிருப்பேன்."

பேரத்துக்கு வந்தேன்.

முடிந்தது இப்படி. டிரெய்லருக்கான கேன் அவன் தருவான், பில் என் கடைப் பெயரில், கேன் லாபம் சரிபாதி. லாரிகளுக்கு என் பேரல், அதில் அவனுக்குப் பங்கில்லை. டர்போ ஏன் போனது என்பதை அவன் ஹசீனாவிடமும் ரிஸ்வானாவிடமும் சொல்லக் கூடாது. அதற்கு அவன் கேட்டது: அடுத்த ஞாயிறு செங்குன்றம் கல்யாணத்துக்குப் போகும்போது மூலக்கடைப் பாலத்தில் அவன் முன்னால், வண்டி எவ்வளவு இழுத்தாலும் நான் முந்தக் கூடாது. ஒப்புக்கொண்டேன், மாமியார் போக வர என் வண்டியில் என்ற பேச்சின் பேரில்.