குதிகால் வைத்த எழுத்து

பெரம்பலூர்
3.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வெற்றிச்செல்வி எழுதுவது. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம். என் கல்யாணப் பத்திரிகையை நான் வேலை செய்யும் அச்சகத்தில் நானே வடிவமைத்துவிட்டேன். மாதிரி இத்துடன் இருக்கிறது. பழைய பாடப்புத்தக எழுத்துதான். ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, நுனியில் சின்னதாகக் குதிகால் வைத்து நிற்கும். சுருள் எழுத்து அழகுதான், ஆனால் கண்ணாடி போட்டவர்கள் திணறுகிறார்கள். இது நிதானமாகப் படிக்க விடும்.

இன்னொன்று. அழைப்பவர் இடத்தில் அம்மா பெயரைப் போட்டிருக்கிறேன். அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன் பெயர்தான் வர வேண்டும் என்று அமிர்தலிங்கம் பெரியப்பா கோபிக்கிறார். அம்மாவும், "என் பேரு வேண்டான்டி, அண்ணனே கூப்பிடட்டும்" என்கிறார். நீங்கள் வருத்தப்படுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வெற்றி


கல்லங்குறிச்சி
10.11.2024

மூவுலகும் மெச்சும் என் ஒரே மருமகளுக்கு,

அரியலூர் மாவட்டத்தின் முடிசூடாச் சக்கரவர்த்தி வீரமணி மாமன் வரைவது. இங்கு நானும் உன் அத்தையும் எருமையும் நலம். மூவரில் எருமைக்கு மட்டும் என்மேல் மரியாதை உண்டு.

வருத்தமா? விக்கிரமங்கலத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிறாற்போல என் பெயரை யானை உயரத்தில் போடுவாய் என்று மீசைக்கு எண்ணெய் தடவிக் காத்திருந்தேன். தேடினால் கடைசி வரிசையில் எறும்பாக ஊர்கிறேன். துக்கத்தில் ஒரு வேளை சோற்றை மறுத்தேன். அன்றைக்கு ரசம்தான்.

மாதிரியைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு, கருப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் பெருமையடிக்கப் போனேன். அங்கேதான் சாம்ராஜ்யம் கவிழ்ந்தது. இந்த எழுத்தை நம் பக்கத்து அச்சகக்காரர்கள் கருமாதிக் கடிதாசிக்கு மட்டும்தானே வைத்திருக்கிறார்கள்! அங்கே உட்கார்ந்திருந்த நம் ஊர் மாயவன் தூரத்திலேயே பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டார்.

"அடடா, எப்பங்க ஆச்சு?"

"தை மாசம் ஆவப்போவுது."

"முன்னாடியே நாள் குறிச்சிட்டாங்களா? நல்ல சாவுதான்!"

நான் வாயைத் திறப்பதற்குள் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கருமாதிக் கடிதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று வெளிக்கூரையில் செருகி வைத்திருக்கிறார். சாயங்காலம் மாலையோடு என் வீட்டுக்கே வந்து, நான் விளக்குவதற்குள் அதைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். வீணாக்குவானேன் என்று எருமைக்குப் போட்டேன். அதற்கு என்னைவிட எடுப்பாக இருந்தது.

ஆகவே அரச கட்டளை: எழுத்தை மாற்று. அம்மா பெயர் விஷயத்திலும் பெரியப்பா சொல்கிறபடியே செய்துவிடு கண்ணு. ஊர் வாயை மூட நம்மிடம் அவ்வளவு பெரிய மூடி இல்லை.

ஆசிகளுடன்,
சக்கரவர்த்தி வீரமணி


பெரம்பலூர்
17.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

அந்த எழுத்து என்ன பாவம் செய்தது? அலட்டாமல் நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். அதைப் போய்ச் சாவுக்கு மட்டும் கூப்பிடுகிறோம். அம்மாவையும் அப்படித்தானே வைத்திருக்கிறோம்? யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாக வரச்சொல்கிறார்கள். போன வாரம் சித்தப்பா மகள் வளைகாப்பில் சமையல்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சந்தனம் பூச யாரும் கூப்பிடவில்லை. "எனக்குக் கால் வலிடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நின்றுகொண்டே அத்தனை பாத்திரத்தையும் கழுவினார்.

எழுத்தை வேண்டுமானால் மாற்றுகிறேன். அம்மா பெயரை எடுக்கச் சொன்னால் பத்திரிகையே அடிக்க மாட்டேன்.

வெற்றி


கல்லங்குறிச்சி
1.12.2024

என் தங்க மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் டீக்கடையில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. காய்ச்சலோ என்று உன் அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நேற்று சனிக்கிழமை. சாமி கும்பிட வா என்று உன் அம்மாவை வரச்சொன்னேன். பெருமாள் கோவில் மண்டபத்தில் உட்காரவைத்து, நீ அனுப்பிய மாதிரியையும் மஞ்சள் கிண்ணத்தையும் நீட்டினேன். பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தானே பெருமாள் காலடிக்குக் கொடுக்க வேண்டும்?

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அண்ணி வெக்கட்டும்ணே. நான் தொடலாமா?"

உன் அத்தைதான் பதில் சொன்னாள். "எனக்கு உங்கண்ணனைத் திட்டவே நேரம் பத்தல. புள்ளையப் பெத்தவ நீதானே, வையி."

வைத்தாள். நாலாவது மூலைக்கு வந்தபோது தன் பெயரைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்ணே, என் பேரு இவ்ளோ நிமிந்தா நிக்கும்?"

நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தூண் நன்றாக இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மாயவன் வந்தார். அதே எழுத்து, ஆனால் மூலையில் மஞ்சள். துண்டை எடுக்கவில்லை. "தங்கச்சி, நம்ம வெற்றிக்கா கல்யாணம்? எனக்கு எங்க பத்திரிகை?" என்று அவளிடம்தான் கேட்டார். என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. "நீங்கதான் முன்னாடி வந்து நிக்கணும்ணே" என்று அவளே அழைத்தாள். அவள் அழைத்த முதல் விருந்தாளி அவர்தான்.

பெரியப்பாவை என்னிடம் விடு. எருமையை அனுப்பிப் பேசுகிறேன். எழுத்தை மாற்றாதே. என் பெயர் எறும்பாகவே ஊரட்டும்.

அந்த மாதிரியை அர்ச்சகர் திருப்பிக் கொடுத்ததும் அவளே முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வேறொன்று அனுப்பு.

இப்படிக்கு,
பாக்யலட்சுமியின் அண்ணன்