பைண்டிங்குக்குப் போன ஆய்வேடு

ஜூலை 9, செவ்வாய். மஞ்சக்குப்பம்.

சிப்காட் ஆலைக் கழிவால் கெட்டுப்போன பக்கத்துக் கிணறுகளைப் பற்றிய ஆய்வேட்டைப் போன வாரம் நூலக பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார் எங்கள் கல்லூரி முதல்வர். "யாராச்சும் கேட்டா பைண்டிங்குக்குப் போயிருக்குன்னு சொல்லிடுங்கம்மா. கேட்டவங்க பேர மட்டும் குறிச்சு வைங்க."

இன்று சிதம்பரத்தில், நூலகம் மூடும் நேரத்தில், ஆராய்ச்சி மாணவி ஸ்டெல்லா வந்து கேட்டாள். வாய் கூசாமல் அதையே சொன்னேன்.

"அட்ட நல்லாத்தானே இருந்துச்சு மேடம்?"

நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பெயரை நான் குறிக்கவில்லை. அந்த நிம்மதியோடு மஞ்சக்குப்பத்துக்குப் பஸ் ஏறலாமென்று எழுந்தால், மேசையில் கோரிக்கை நோட்டு திறந்து கிடந்தது. அவளே எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். பெயர், துறை, போன் நம்பர், 'வந்ததும் சொல்லுங்க மேடம்.'

நாளை அந்த நோட்டு முதல்வர் கையெழுத்துக்குப் போகும். தாளைக் கிழிக்கவும் வழியில்லை. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கிறது. போட்டவள் நானேதான்.