காப்புக் கட்டிய ஊரில் ஒரு பலாப்பழம்

மே 4, 2012. வெள்ளி

வெயில் தாங்கவில்லை. கரண்ட் எட்டு மணிக்குப் போனது, பதினொன்றுக்கு வந்தது, பன்னிரண்டுக்கு மறுபடியும் போனது. மாவு பாதி அரைந்தபடி கிரைண்டரில்.

படிப்பகம் போர்டு எழுதப் போனேன். கையெழுத்து நன்றாக இருப்பது ஒரு குற்றம். இந்த ஊருக்கு மருமகளாக வந்த ஐந்து வருடமாக பஸ் ஸ்டாப் கரும்பலகை என் தலையில். போஸ்ட்மாஸ்டர் மாமா (ரிட்டயர்டு ஆகி எத்தனையோ வருடம், பட்டத்தை மட்டும் விடவில்லை, இனி போ.மா.) துண்டுச் சீட்டில் கொடுப்பதை அப்படியே எழுத வேண்டும். இன்றைய ஊர்ச் செய்தி:

— ஏழு வருடம் கழித்து மாரியம்மன் செடல் திருவிழா. செவ்வாய் மாலை காப்புக் கட்டுதல்.
— வாலிபால் போட்டி, பள்ளிக்கூட மைதானம். எட்டு டீம்.
— குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
— விடுமுறைக்கு ஊருக்கு வந்தோர்: பதினொரு குடும்பம்.

கடைசி ஐட்டம் போ.மா.வின் கண்டுபிடிப்பு. "யார் வூட்டுக்கு யாரு வந்துருக்காங்கன்னு நாலு பேருக்குத் தெரியணும்மா." தெரிந்து?

வீட்டுக்குத் திரும்பினால் பன்னிரண்டாவது குடும்பம் எங்கள் வாசலில். என் வீட்டுக்காரர் தங்கை கவிதா, அவள் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். ஆவடியிலிருந்து. ஒரு போன் கிடையாது. "ரெண்டே நாள்தான் அண்ணி. திங்கக்கெழம காலைல கெளம்பிடுவோம்."

திங்கள் போனால் சரி. புதன் முதல் எனக்கு அஞ்சல்வழி பி.எட். தொடர்பு வகுப்பு, அண்ணாமலை நகரில், பத்து நாள். கூடப் படிக்கும் மேரி அங்கே லாட்ஜில் ரூம் எடுத்துவிட்டாள், பாதி எனக்கு. செவ்வாய் மதியம் பஸ். மகள் யாழினியைப் பகலில் பக்கத்து வீட்டு அக்கா, ராத்திரி இவர். எல்லாம் மார்ச்சிலேயே பேசி முடித்தது. போன வருடம் யாழினிக்கு அம்மை, வகுப்பு போய்விட்டது. இந்த வருடமும் விட்டால் சேர்ந்ததே வீண். நர்சரி ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு டீச்சராகவே என் காலம் முடிந்துவிடும்.

பை பாதி கட்டியாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில்.

மே 6, ஞாயிறு

கவிதா வீட்டுக்காரருக்குக் காலையிலேயே ஆசை வந்துவிட்டது. "பண்ருட்டி பக்கத்துல இருந்துகிட்டு ஒரு பலாப்பழம் இல்லியா மச்சான்?" இவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், மூன்று மணி வெயிலில் பஸ் ஏறியது நான்.

சுளையாக வாங்கிவரலாமா என்று கேட்டதற்கு, இல்லையாம், முழுப்பழம்தான் வேண்டுமாம். பதினாலு கிலோ. மண்டிக்காரர் தட்டிப் பார்த்து, "மூணு நாள்ல பழுத்துடும்மா, சாக்குப் போட்டு மூடி வை" என்றார். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான். அவனோடு சண்டை. முள் குத்திப் புடவை கிழிந்தது தனி.

ஊருக்குள் பஸ் திரும்பும்போதே பம்பைச் சத்தம். இறங்கினால் கோயிலிலிருந்து கும்பல் கலைந்துகொண்டிருக்கிறது. காப்புக் கட்டியாச்சாம்! செவ்வாய்க்கிழமை பம்பைக்காரர்களுக்கு வேறு ஊரில் வேலையாம். நோட்டீஸ் அடித்து ஒட்டிய பிறகுதான் அவர்களைக் கேட்டிருக்கிறார்கள், புத்திசாலிகள். ஐந்து மணிக்கு மைக்கில் சொல்லி ஆறரைக்குக் கட்டி முடித்துவிட்டார்கள். நான் ஏழரைக்கு, இடுப்பில் பலாப்பழத்தோடு.

காப்புக் கட்டினால், அவிழ்க்கும் வரை யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. பகலில் போகலாம், ராத்திரி படுக்க இங்கே வந்துவிட வேண்டும். விருந்தாளிக்கும் அதேதான். அவிழ்ப்பது 19-ஆம் தேதி. ஐயோ! பதிமூன்று நாள்!

"அப்ப என் கிளாஸ்?" என்றேன் இவரிடம். "நான்தான் கட்டறப்ப இங்க இல்லியே."

"கட்டுன அன்னிக்கு ராத்திரி ஊர்ல படுத்தாலும் உண்டு. உனுக்கு இதெல்லாம் புதுசு, தெரியாது" என்றார்.

எனக்குத் தெரியாதுதான். எங்கள் குறிஞ்சிப்பாடிப் பக்கம் இவ்வளவு கெடுபிடி இல்லை. இங்கேயும் நான் வந்தபிறகு இதுதான் முதல் செடல். யாழினிக்கு ஏதாவது ஆகிவிட்டால், நீ மீறினாய், அதனால்தான் என்று காலமெல்லாம் சொல்வார்கள். பை கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கட்டும்.

பழம் கல் மாதிரி. மூலையில் வைத்தேன்.

மே 7, திங்கள்

கவிதா வீட்டுக்காரர் ஆவடி கம்பெனிக்கு நாலு முறை போன். "சார், எங்க மச்சான் ஊர்ல காப்பு சார்… காப்பு… சாமி சார்… பஸ்ஸெல்லாம் ஓடுது சார், அதில்ல விஷயம்…" எனக்கே பாவமாக இருந்தது. இரண்டு நிமிடம்தான். உடனே, "இனிமே மீனும் கெடையாதா?" என்று கேட்டார். கெடிலம் ஆற்று மீன் தின்னத்தான் வந்தாராம்.

வீட்டில் ஆள்: 7. பேன்: 2. கரண்ட்: சொல்லவே வேண்டாம்.

மேரிக்கு போன். "போயிட்டு வந்துகிட்டு இருடி, என்னா பண்றது" என்றாள். இங்கிருந்து கடலூர், கடலூரிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை.

மே 9, புதன்

நாலு மணிக்கு எழுந்து ஏழு பேருக்கு இட்லி, மதியத்துக்கு சாம்பார், பொரியல். குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் குடம் வேறு. ஆறேகால் பஸ் கண்ணெதிரே போனது. வகுப்புக்குள் நுழைந்தபோது ஒன்பது இருபது. காலைக் கையெழுத்து முடிந்துவிட்டது.

கணக்கு இதுதான்: காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. நாலு வேளைக்கு மேல் தவறினால் அடுத்த வருடம்தான். முதல் நாளே ஒன்று காலி.

மே 11, வெள்ளி

இரண்டாவதும் போச்சு. இன்று கவிதாவின் சின்னவன் விடியற்காலையில் வாந்தி. பாய், போர்வை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். கவிதா தூங்கிக்கொண்டிருந்தாள். மகாராணி. நாத்தனார் என்றால் பிறக்கும்போதே கரண்டியை எங்கேயோ தொலைத்துவிட்டுப் பிறப்பார்கள் போல.

(எழுதிய பிறகு தோன்றுகிறது: ராத்திரி முழுக்க அவள்தான் அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தாள். இருந்தாலும்.)

கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா: "உங்க ஊர்ல காப்பா? அதான் மூஞ்சி இப்பிடி இருக்கு."

வாங்க வேண்டியது: சாக்பீஸ், சார்ட் பேப்பர் 3, பெருங்காயம், குளுக்கோஸ்.

பழம் அப்படியே. ஆவடிக்காரர் தினமும் அதன் முன்னால் குந்தி முகர்ந்து பார்க்கிறார். டாக்டர் கெட்டார்.

மே 12, சனி

மாலை வகுப்பு பாதியில் கிளம்பினேன். சிதம்பரத்தில் மறியலாம், பஸ் நிற்கும் என்று சொன்னார்கள். நிற்கவில்லை. அரை மணி நேரம் முன்னதாகவே வீடு. கையெழுத்து மட்டும் போச்சு. மூன்று.

புதன் காலை எட்டு மணிக்கு என் மாதிரிப் பாடம். நாற்பது பேர் முன்னால் நான் நடத்த வேண்டும். எடுத்த தலைப்பு: நீர் ஆவியாதல். எட்டு மணிக்கு அங்கே நிற்க ஐந்து மணி பஸ். அது வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு.

காலையில் இவரிடம் கேட்டேன், செவ்வாய் ஒரு ராத்திரி மட்டும் மேரியோடு தங்கிக்கொள்கிறேனே என்று. "ஊர் என்னா சொல்லும்? நாளைக்கு எதனா ஒண்ணுன்னா நீ பதில் சொல்லுவியா?" ஊர், ஊர், ஊர். ஊரா வந்து எனக்கு சர்டிபிகேட் தரப்போகிறது?

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தாள்.

மே 13, ஞாயிறு

வகுப்பு இல்லை. போர்டு எழுதினேன்.

— வாலிபால் பைனல் இன்று மாலை. காப்பு நாட்களில் வெளியூர் டீம்கள் இரவு தங்க இயலாது என்பதால் ஆட்டம் மூன்று செட் மட்டும்.
— தெருக்கூத்து, கரண்ட் இருந்தால்.
— விடுமுறைக்கு வந்தோர்: செல்வம் தங்கை குடும்பம் (ஆவடி).

இதை எழுதும்போது கேட்டேன், கவிதா என்று பெயரைப் போடட்டுமா மாமா என்று. "செல்வம் தங்கச்சின்னாதாம்மா ஊருக்குப் புரியும்." இந்தப் பலகையில் நான் இதுவரை எழுதிய பெண்களின் பெயர்: மாரியம்மன்.

பைனலில் நெல்லிக்குப்பம் டீம் ஜெயித்தது. கோப்பை கொடுக்கும்போது மைக் படுத்துவிட்டது. போ.மா. பத்து நிமிடம் மைக் இல்லாமலே பேசினார். யாருக்கும் கேட்கவில்லை, எல்லாரும் கைதட்டினார்கள்.

மே 14, திங்கள்

காலை வகுப்பு போனது. டயர் பஞ்சர், ஆலப்பாக்கம் அருகே. நாலு. இனி ஒரு வேளை போனாலும் முடிந்தது கதை.

மாலை ஏழரைக்கு வந்தேன். செருப்பைக் கழற்றவில்லை, கவிதா கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள்.

"அண்ணி, காப்புக் கட்டறப்ப நீங்க பண்ருட்டியில இருந்தீங்க இல்ல?"

"ஆமா. உங்க வீட்டுக்காரருக்குப் பலாப்பழம் வாங்க."

அவள் கோயிலுக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறாள். அங்கே பால் சொசைட்டி குமார் மெட்ராஸ் போய் இரண்டு நாள் தங்கிவிட்டான் என்று நாலு பேர் சண்டை. பூசாரி சிரித்தாராம். "அவன் கட்டறப்ப நெல்லிக்குப்பத்துல மில்லுல இருந்தான்டா. எல்லைக்கு அந்தாண்ட இருந்தவனுக்கு ஏதுடா காப்பு?" கவிதா விடவில்லை. அன்று ராத்திரி வந்து படுத்தால் என்று கேட்டிருக்கிறாள். "படுத்தா என்னா? கட்டறப்ப இல்லன்னா இல்லதான். உங்க அண்ணன் செல்வமும் கட்டுன ஞாயித்துக்கெழமையே வந்து இதத்தான் கேட்டான். சொல்லி அனுப்பிச்சேனே."

ஞாயிற்றுக்கிழமையே.

இவர் கூடத்தில் விசிறிக்கொண்டிருந்தார். கேட்டேன். முதலில், "யாரு சொன்னா?" பிறகு, "எதுக்கும் சேஃப்டிக்குத்தான்." பிறகுதான் உண்மை வந்தது. "வூட்ல இத்தினி பேர் இருக்கறப்ப நீ பாட்டுக்கு பத்து நாள் போயிட்டா யாரு ஆக்கிப் போடறது? வந்த எடத்துல கவிதா கரண்டி புடிப்பாளா?"

எட்டு நாள். நாலு வேளை. பஸ்ஸில் அழுத அழுகை. எல்லாம் சாம்பாருக்காக. மாரியம்மனை இழுத்து அடுப்படிக்குக் காவல் வைத்திருக்கிறார் இந்த மனுஷன்!

பேசியது கவிதா. "புடிச்சா என்னாண்ணே? கை தேஞ்சா போயிடும்? ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியா நீ? அண்ணி, நீங்க கெளம்புங்க. பாப்பாவ நான் பாத்துக்கறேன். எப்பிடியும் நான் இங்கதான கெடக்கணும்."

அவள் வீட்டுக்காரர் பலாப்பழத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கவிதாவைப் பற்றி வெள்ளிக்கிழமை எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். எனக்கு நானே படித்துக்கொள்ள.

மே 15, செவ்வாய். அண்ணாமலை நகர்

காலை இட்லி கவிதா ஊற்றினாள். கல். தின்றேன். யாழினி, "அம்மா, ராத்திரி வரமாட்டியா?" என்றாள். "சனிக்கெழம வருவேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இவர் வாசல் வரை வந்தார். "ஊர்ல கேட்டா…" என்றார். "பூசாரியக் கேக்கச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் வழி தெரியுமே" என்றேன். பையை வாங்கக் கை நீட்டினார். கொடுக்கவில்லை.

பஸ் வரக் கால் மணி நேரம். சாக்பீஸ் பெட்டி பையில் இருந்தது. போர்டில் 'வந்தோர்' பட்டியலுக்குக் கீழே இடமும் இருந்தது. எழுதினேன்: 'ஊரிலிருந்து சென்றோர்: தமிழரசி, பி.எட். வகுப்புக்காக, அண்ணாமலை நகர்.' பக்கத்திலேயே, 'விடுமுறைக்கு வந்தோர்: கவிதா (ஆவடி)' என்றும் திருத்தினேன். போ.மா. டீக்கடையிலிருந்து, "என்னாம்மா, சீட்டுல இல்லாததெல்லாம் எழுதற?" என்று கத்தினார். நல்லவேளை, பஸ் வந்துவிட்டது.

இரண்டு வேளையும் கையெழுத்து.

ரூமில் மேரி, நான், ஒரு பேன். நாளைக்கு எட்டு மணிக்குப் பாடம். சார்ட் தயார். ஈரத்துணி, கெட்டில், தட்டு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மேரி முன்னால் ஒருமுறை நடத்திக் காட்டினேன். "வேகமாப் பேசற, யாரோ தொரத்தற மாதிரி" என்றாள்.

ஆறரைக்கு இவர் போன். நாளைக்கு நல்லா பண்ணு என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"தமிழு, அந்தப் பழம் பழுத்துடுச்சி. வூடே வாசன. மச்சான் வேற குந்திகிட்டு இருக்காரு. யாரு அறுக்கறது?"

"கையில எண்ணெ தடவிக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.