சூசையப்பர் கோயில் ஏலத்தில் எடுத்த உருண்டை

இயேசு மரி சூசை துணை

பாம்பன்,
புதன்கிழமை

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு அம்மா ஜோதிமேரி எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது. போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் உன் அய்யா சட்டைப்பையில் இருக்கிறது, பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அடுத்த வீட்டுப் போனில் பேசினால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் உன்னோடு நர்சு வேலை பார்க்கிற பெரியபட்டினத்துச் சல்மா லீவு முடிந்து நாளைக்கு உங்கள் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிறாள் என்றதும் இதை அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவளும் பிரிக்கமாட்டாள், நல்ல பிள்ளை.

விஷயத்துக்கு வருகிறேன். சூசையப்பர் திருநாளுக்குக் கொடி ஏறின வாரம் விடியற்காலையில் வானத்தில் தீக்கோடு ஒன்று கிழக்கே போனதைக் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஏதோ ஒரு நாட்டுப் பழைய ராக்கெட் எரிந்து விழுந்ததாக டிவியில் சொன்னார்கள். இப்போது மேலே ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள் விடுகிறார்களாம், விட்டதெல்லாம் ஒருநாள் கீழே வந்துதானே ஆக வேண்டும். அதற்கு இரண்டொரு நாளில் உன் சித்தி மகன் சகாயவினோத் நாட்டுப்படகில் போனான். அன்றைக்கு முதல் வலையில் என்ன விழுந்தாலும் கோயிலுக்கு என்று அவன் நேர்ந்திருந்தது உனக்கும் தெரியும். பெரியம்மா, வலையில ஒத்த மீனு இல்ல, இதுதான் கெடந்துச்சு என்று தூக்கிக்கொண்டு வந்தான். பெரிய பூசணிக்காய் அளவில் ஒரு உலோக உருண்டை, ஒரு பக்கம் கருகி, பார்வைக்குக் கனமாகத் தெரிந்தாலும் தூக்கினால் லேசு. நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டான். என்ன சாமான்னு தெரியாம ஏலம் போட வேணாமே என்று பங்குச்சாமியார் சொல்லத்தான் செய்தார், கமிட்டிக்காரர்கள் கேட்கவில்லை. நேர்ச்சையாக வந்த ஆட்டுக்கிடாவுக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் அதையும் ஏலம் விட்டார்கள், உன் அய்யா விடாமல் கேட்டு எடுத்துவிட்டார்.

எதற்கு என்று கேட்கிறாயா, உன் பிள்ளைக்குத்தான். சந்திரயான் இறங்கின அன்று தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்த மனுசன் அவர். நம்ம பாம்பன் ஆன்டோ பட்டறையில இத ரெண்டா அறுத்துப் பாதிய குளிக்கிற ஏனமாக்கிடுவேன், வானத்துக்குப் போயிட்டு வந்த ஏனத்துல என் பேரப்புள்ள குளிக்கட்டும் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறார். உனக்காக வெள்ளையடித்து வைத்த அறையில், உன் கட்டிலுக்கு அடியில்தான் அதை வைத்திருக்கிறார். போன வாரம் அதில் மூடி மாதிரி இருந்த ஒன்றை ஸ்பேனர் போட்டுத் திருகினார். திறக்கவில்லை, கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்துதான் அறையில் மீன் வாடை. நான் சொன்னால் சிரிக்கிறார், மீன்காரன் தெருவுல மல்லிகைப்பூவா மணக்கும் என்கிறார். விசைப்படகெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டிக் கிடக்கிறது. உன் பிரசவம் முடிகிறவரை வீட்டில் மீன் சமைப்பதில்லை என்று நான் நேர்ந்து, அடுப்பில் மீன்சட்டி ஏறியே நாளாகிறது. பிறகு எங்கிருந்து வரும் இந்த வாடை, நீயே சொல்.

நேற்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கடலில் உருண்டை, தகடு எது கிடைத்தாலும் தொடக் கூடாதாம், உள்ளே ராக்கெட்டுக்கு ஊற்றின விஷ எண்ணெய் மிச்சமிருக்கலாமாம், கெட்டுப்போன மீன் மாதிரி வாடை வந்தால் கிட்டேயே போகாமல் போலீசுக்குச் சொல்ல வேண்டுமாம், தட்டுவதோ அறுப்பதோ கூடவே கூடாதாம். தெருவே கேட்டது. தெருவுக்கே தெரியும் அது யார் வீட்டில் இருக்கிறது என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோயில் ஏலத்தில் எடுத்ததை எதற்காக எடுத்தோமோ அந்த நேர்ச்சை முடியுமுன் வெளியே கொடுத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பதுதான் இங்கே வழக்கமாயிற்றே, உன் பிள்ளைக்கு ஆகாத காரியத்தைச் செய்ய யாருக்கு மனசு வரும். உன் அய்யா கண் எரிகிறது என்று கசக்கிக்கொண்டே இருக்கிறார், இருமலும் விடவில்லை, உப்புக்காத்து என்கிறார். உன் கட்டிலுக்கடியில் குட்டி போட்டிருந்த பூனை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கூரைக்கொட்டகைக்குப் போய்விட்டது. ஒரு குட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போயிற்று, அது எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மகளே.

அதனால் சொல்கிறேன், வராதே. தலைப்பிரசவத்துக்கு வருகிற பெண்ணை வராதே என்று எழுதுகிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். சனிக்கிழமை அறுத்துத் தருவதாக ஆன்டோ சொல்லியிருக்கிறான். இது கிடைத்த நிமிசமே அய்யாவுக்குப் போன் போடு. அந்த உருண்டை வீட்டை விட்டுப் போனால்தான் வருவேன் என்று சொல், ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டேன் என்று சொல், நான் எழுதினதைச் சொல்லாதே. என் பேச்சு அவர் காதில் ஏறாது, உன் பேச்சைத் தட்டமாட்டார். சனிக்கிழமை காலைவரை உன் போன் வராவிட்டால் நானே போலீஸ் ஸ்டேசன் போய்விடுவேன். ஏலப்பொருளைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் பேசினால் பேசட்டும், சூசையப்பரும் இயேசுவைப் பிள்ளையாக வளர்த்தவர்தானே, அவருக்குப் புரியும்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. நின்றுகொண்டே வேலை பார்க்காதே. மாதா உன்னையும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் அம்மா,
வி. ஜோதிமேரி

பின்குறிப்பு: அய்யா கண்ணில் படக் கூடாதே என்று உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உன் கட்டிலில் உட்கார்ந்துதான் இவ்வளவும் எழுதினேன். மடிக்கும்போதுதான் கவனித்தேன், காகிதத்திலும் அந்த வாடை இருக்கிறது. வேறு காகிதத்தில் எழுத நேரமில்லை, சல்மா வாசலில் நிற்கிறாள். படித்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவு தாயி, கழுவாமல் வயிற்றைத் தொடாதே.