பேத்தமங்களா ஏரிக்குள் ஓடிய வண்டி

ஊரிகம்,
கோலார் தங்கவயல்.
20-4-1970

அன்பான வீட்டுக்காரருக்கு,

சாரா எழுதுகிறேன். கர்த்தருடைய தயவில் நானும் டெய்சியும் சுகமாக இருக்கிறோம். அந்த ராஜஸ்தான் வெயிலில் அவர் உங்களுக்கு நிழலாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் கடிதம் வந்தது. கேத்ரி சுரங்கத்துத் தாமிரப் பாறை வெயில் பட்டால் மயில் கழுத்து மாதிரி மின்னுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை மட்டும் டெய்சி திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். இப்போது அப்பா மயில் தோண்டுகிறார் என்று நம் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஈஸ்டருக்கு நீங்கள் அனுப்பிய துணியில் அவளுக்கு கவுன் தைத்தேன். வளருகிற பிள்ளை என்று கொஞ்சம் பெரிதாகவே வெட்டினேன். கோயிலில் அதை மிதித்துக்கொண்டு ஒரு தரம் விழுந்தாள். அழவில்லை.

குழாயில் தண்ணீர் குறைந்துவிட்டது. பேத்தமங்களா ஏரி பாதிக்குமேல் வற்றிவிட்டதாம். வீட்டின் பின்பக்கத் தட்டி காற்றில் சாய்ந்தது. கோவிந்தன் ஆசாரி வந்து நிமிர்த்திக் கட்டினார்.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் எல்லோரையும் விசாரிக்கிறீர்கள். போதகரை, பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவை, பார்வதம்மா வீட்டு ஆட்டைக்கூட விசாரிக்கிறீர்கள். தர்மராஜ் அண்ணன் பெயர் மட்டும் ஒரு கடிதத்திலும் இல்லை. நானும் உங்கள் மனதைக் கிளற வேண்டாம் என்று அவரைப் பற்றி ஒன்றும் எழுதாமலே இருந்தேன். இனிமேல் எழுதாமல் இருக்க என்னால் முடியாது. உங்கள் எம்.ஜி. வண்டி ஓடிவிட்டது.

படித்ததும் எழுந்து நின்றிருப்பீர்கள். உட்காருங்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த வண்டி வந்த நாள் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சீமைக்குத் திரும்பிப் போன துரை யாரோ, புளியமரத்தில் மோதிச் சப்பளிந்த தன் இரண்டு சீட்டு எம்.ஜி. காரை கிளப்புக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போக, நீங்களும் தர்மராஜ் அண்ணனும் அதை மாட்டுவண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தீர்கள். செத்துப்போன வெட்டுக்கிளி மாதிரி இருக்கிறதே என்று நான் சிரித்தேன். ஷிப்டு முடிந்து மேலே வந்தால் குளித்த தலைகூடக் காயாமல் அண்ணன் வீட்டுக் கொட்டகைக்கு ஓடுவீர்கள். புத்தர் படத்துக்கு அண்ணன் வைத்த ஊதுவத்தி வாசனையும் உங்கள் கிரீஸ் வாசனையும் சேர்ந்து வரும். இரண்டு பேரும் பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டீர்கள். ஒருவர் கை நீட்டினால் மற்றவர் சரியான ஸ்பானரை வைப்பார். சாரதா அண்ணியும் நானும் வாசலில் உட்கார்ந்து, நம் பேச்சைக்கூட இவர்கள் இவ்வளவு கேட்டதில்லை என்று பேசிக்கொள்வோம்.

அப்புறம் அந்த ஏர்பிளாஸ்ட். கீழே பாறை வெடித்தபோது இங்கே மேலே என் அலமாரியிலிருந்த தட்டெல்லாம் உருண்டு விழுந்தன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுரங்க ஷாப்டு வாசலுக்கு ஓடிவந்தேன். ஆளேற்றும் கேஜ் மேலே வந்தது. நீங்கள் அண்ணனை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினீர்கள். அவர் முகம் முழுக்க உங்கள் சட்டை சுற்றியிருந்தது. அவருடைய இரண்டு கண்ணும் போயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு நீங்கள் வீட்டில் சரியாகப் பேசவே இல்லை. தூக்கத்தில் மட்டும் பேசினீர்கள். நான்தான் கூப்பிட்டேன், நான்தான் கூப்பிட்டேன் என்று. கேத்ரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நீங்களே பெயரை எழுதிக் கொடுத்தீர்கள். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ரயில் ஏறிவிட்டீர்கள். சம்பளம் அதிகம் என்று ஊருக்குச் சொன்னேன். அது காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள் சாரதா அண்ணி வந்து என்னைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டுக்காரர் விடிந்ததும் கொட்டகைக்குப் போய் வண்டிமேல் கிடக்கிற தார்ப்பாயைத் தடவிக்கொண்டே நிற்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது, இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். அண்ணன் தார்ப்பாயை விலக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து, இரண்டு கையையும் இஞ்சினுக்குள் விட்டு நின்றிருந்தார். தாய்மார் பிள்ளைக்குத் தலையில் பேன் பார்ப்பார்களே, அப்படி. என் காலடிச் சத்தம் கேட்டதும், இன்னாம்மா சாரா, உன் வீட்டுக்காரன் நாலு போல்ட்டைக் கையாலயே திருகி வெச்சிட்டு ஓடிட்டான் பாரு, முறுக்கக்கூட இல்ல என்றார். நான் அழுதுவிட்டேன். அழாத, அந்தப் பெரிய ஸ்பானரை எடு என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் எனக்கு ஸ்பானருக்கும் குறட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அண்ணன் கையில் கொடுத்தால் தொட்டுப் பார்த்து, இது இல்ல, இதுக்கு அக்கா என்பார். அடுத்ததைக் கொடுத்தால், இது பாட்டி, நடுவுல ஒருத்தி இருப்பா பாரு என்பார். துணி தைக்கிற கைக்கு இதெல்லாம் வராது என்று நினைத்தேன். வந்துவிட்டது. அவர் தொட்டுச் சொல்வார், நான் பார்த்துச் சொல்வேன். அவருக்குக் கண் தேவைப்படும் இடத்தில் நான் இருந்தேன். அவ்வளவுதான் என் வேலை.

வண்டி உடம்புக்குள் இருக்கிற மரச்சட்டத்தைக் கறையான் தின்றிருந்தது. கோவிந்தன் ஆசாரி வேங்கை மரத்தில் புதிதாக இழைத்துக் கொடுத்தார். அந்தப் பெரிய சக்கரத்துக்கு டயர் எங்கேயும் கிடைக்காது என்று நீங்கள் தலையில் கைவைத்த விஷயம் ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் அதற்கும் வழி பார்த்தார். பெங்களூரிலிருந்து சின்ன வளையம் வரவழைத்து, ஸ்போக்குகளை அளவுக்கு வெட்டி மறுபடி கோத்து, அம்பாசடர் டயரை மாட்டிவிட்டார். வண்டி இப்போது கொஞ்சம் குள்ளம். உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்கு அழகாகத் தெரிகிறது, பதுங்கி உட்கார்ந்த பூனை மாதிரி. சீட்டுக்கு ரெக்சின் நான் தைத்தேன். ஊசி மூன்று தடவை உடைந்தது. சாரதா அண்ணி உள்ளே அடைக்கத் தேங்காய் நாரைப் பிரித்துக் கொடுத்தார். இரும்புக்காரனைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

இஞ்சின் முதல் தடவை பிடித்தபோது இருமியது, நடுங்கியது, நின்றுவிட்டது. அண்ணன் ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டு கார்புரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக் கேட்டார். ஒண்ணு பெருமூச்சு வுடுது, ஒண்ணு மூச்சைப் புடிச்சிக்கினு இருக்குது, ரெண்டும் ஒண்ணா மூச்சு வுட்டாதான் வண்டி என்றார். நான் திருகாணியைக் கடுகளவு திருப்புவேன், அவர் தலையாட்டுவார், அல்லது ஆட்டமாட்டார். வெகுநேரம் அப்படியே போயிற்று. பிறகு திடீரென்று சத்தம் மாறியது. அதை எப்படி எழுதுவது? கூட்டப் பாட்டில் ஆளாளுக்குப் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரே சுருதியில் சேர்ந்துவிட்டால் உடம்பு சிலிர்க்குமே, அதுபோல. லைன் பிள்ளைகளெல்லாம் ஓடி வந்தார்கள். அண்ணன் பானெட்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் முகத்தில் தழும்பெல்லாம் இருக்கிறது, ஆனால் அந்த நேரம் எனக்குத் தழும்பு தெரியவில்லை.

வண்டி ஓட்டவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். கோபிக்காதீர்கள். ஃபுட்பால் கிரவுண்டில் சாயங்காலங்களில் ஓட்டினேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்து இஞ்சின் சத்தத்தைக் கேட்டே, இப்ப கிளட்ச், இப்ப கியர் என்று சொல்வார். வேடிக்கை பார்த்தவர்கள், குருடன் சொல்றான் பொம்பள ஓட்டுறா என்று சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அதனால் எனக்கும் வெட்கம் போய்விட்டது.

போன சனிக்கிழமை விடியற்காலை டெய்சியைப் பார்வதம்மாவிடம் விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேரும் பேத்தமங்களாவுக்குக் கிளம்பினோம். இரண்டு பேர் உட்காரும் வண்டியில் நடுவில் சாரதா அண்ணி ஒடுங்கி உட்கார்ந்து என் முந்தானையையும் அண்ணன் சட்டையையும் பிடித்துக்கொண்டார். தங்கம் பிரித்து மிஞ்சிய சயனைடு மேட்டு மணலில் அப்போதுதான் வெயில் விழுந்திருந்தது. தினமும் பார்க்கிற மேடுதான். ஆனால் அன்றைக்கு அது நிற்கவில்லை, எங்களோடு சேர்ந்து மெதுவாக நகர்ந்தது. ஷாப்டுகளின் உச்சியில் கேஜ் சக்கரங்கள் தூரத்தில் சத்தமில்லாமல் சுற்றின. காற்று முகத்தில் அடித்தது. நான் தரையில்தான் போகிறேனா என்று சந்தேகம் வந்தது. அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இப்ப இன்னா தெரியுது, இப்ப இன்னா தெரியுது என்று. கேழ்வரகுக் கொல்லை, ஒரு வெள்ளை மாடு, சைக்கிளில் பால்காரர் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் ம், ம் என்றார்.

ஏரி வற்றி, தரை தட்டையாக வெடித்துக் காய்ந்து கிடந்தது. தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடு. மனிதர், மரம், கல் ஒன்றும் இல்லை. நான் ஏரிக்குள் இறக்கி வண்டியை நிறுத்தினேன். அண்ணன் கொஞ்ச நேரம் காற்றை முகர்ந்துவிட்டு, முன்னால இன்னா இருக்குது என்று கேட்டார். ஒன்றுமே இல்லை அண்ணா என்றேன். அப்ப எழுந்து இந்தப் பக்கம் வா என்றார்.

சாரதா அண்ணி வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஓட்டுங்க என்றார்.

இடம் மாறி உட்கார்ந்தோம். அண்ணன் ஓட்டினார். முதலில் மெதுவாக. நான் வலது, இடது என்று சொன்னேன். பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டேன். கியர் மாற்றினார், மறுபடி மாற்றினார். பின்னால் புழுதி பெரிய திரைபோல எழும்பியது. எங்கிருந்தோ கொக்குகள் கிளம்பி எங்கள் பக்கமாகவே கொஞ்ச தூரம் பறந்து வந்தன. எவ்வளவு நேரம் சுற்றினோம் என்று எனக்குத் தெரியாது. அண்ணி கண்ணைத் திறக்கவே இல்லை, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒரே கனவுக்குள் இருப்பதுபோல இருந்தது. எனக்கு ஒரே ஒரு குறை. நான் உட்கார்ந்திருந்த இடம் உங்களுடையது.

வண்டியை நிறுத்திய பிறகு அண்ணன் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டே உங்களைப் பற்றிப் பேசினார். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. விபத்து நடந்த அன்றைக்குச் சுரங்கத்துக்குள் உங்கள் லெவலில் பம்ப் வேலை நடக்கும்போது நீங்கள், டேய் இங்க வந்து இதைப் பிடி என்று கூப்பிட்டீர்களாம். அவர் உங்கள் பக்கம் வந்து குனிந்தார். அப்போதுதான் பக்கத்துப் பாறை வெடித்துச் சில்லெல்லாம் அவர் முகத்தில் அடித்தது. இது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகுதான் அந்த லெவலைச் சுத்தம் செய்தார்கள். சுத்தம் செய்த கூட்டத்தில் இருந்த சுந்தரராஜ் வந்து அண்ணனிடம் சொன்னாராம். அண்ணன் முதலில் நின்றிருந்த இடத்தில் மேல்பாறை முழுசாக இறங்கித் தரையோடு தரையாக அடைத்துக் கிடந்ததாம். அங்கே நின்றிருந்தால் எடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காதாம்.

அவன் கூப்புட்டான், அதனாலதான் நான் இருக்கிறேன் என்றார். அது தெரியாம அந்தப் பைத்தியக்காரன் எங்கியோ போயி உக்காந்துக்கினு இருக்கிறான் என்றார். சாரதா அண்ணி அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் இறங்கிப்போய் ஏரித் தரையில் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன்.

திரும்பி வரும்போது அண்ணன் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். இதைக் கடிதத்தில் எழுதாதே, அவன் வரட்டும், அவன் கையைப் பிடித்துக்கொண்டு நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்றார். சரி என்று சொன்னேன். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் வரமாட்டீர்கள். நீங்கள் வராமல் அவரால் இதைச் சொல்லவும் முடியாது. அதனால் நான் எழுதிவிட்டேன்.

லீவு கேளுங்கள். கொடுக்காவிட்டால் மறுபடி கேளுங்கள். ரயிலில் சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள், தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். வந்ததும் முதலில் நம் வீட்டுக்கு வர வேண்டாம். நேராக அண்ணன் வீட்டுக்குப் போங்கள். நான் அங்கே இருப்பேன். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பிக்கும்போது, தயவுசெய்து, முதல் தடவை கேட்பது போலவே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியெல்லாம் தேவன் உங்கள் கூடவே வருவாராக.

உங்கள்
சாரா