செலவுத்தொகையுடன் தள்ளுபடி

பிப்ரவரி 3

என் வக்கீல் கார்த்திகேய சிவம் போன் செய்தார். என் தங்கை அனுசுயா வழக்கை வாபஸ் வாங்கப் போகிறாளாம். திருப்பத்தூர் நிலத்தை அப்பா எனக்கு எழுதிவைத்தது செல்லாது என்று நான்கு வருடம் கோர்ட்டில் இழுத்தடித்தவள், சாட்சி விசாரணை தொடங்கும் நேரத்தில் ஏன் பின்வாங்குகிறாள்?

முப்பத்தொரு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். யாராவது தானாக விட்டுக்கொடுத்தால் அந்தப் பத்திரத்தை இரண்டு தடவை படிப்பேன்.

பிப்ரவரி 4

அவளுக்குப் புதிதாக ஏதோ ஆவணம் சிக்கியிருக்கிறது. இதை மூடிவிட்டு வேறு மாதிரி போடப் போகிறாள்.

பிப்ரவரி 6

காரைக்குடி போய் வக்கீலைப் பார்த்தேன். மறுபடி வழக்குப் போட அனுமதி கேட்காமல் வாபஸ் வாங்கினால், இதே விஷயத்துக்கு அவள் திரும்ப வர முடியாதாம். எனக்கு ஆன செலவையும் கோர்ட் அவள் தலையில் போடலாமாம். மனுவின் நகலைக் காட்டினார். அனுமதி கேட்கவே இல்லை. எனக்குச் சந்தேகம் கூடியதுதான் மிச்சம்.

செலவு வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் சுமுகமாக முடிந்துவிடும் என்றார். இவருக்கு என்ன இவ்வளவு அவசரம்? எதிர்த்தரப்பு வக்கீலோடு இவர் டீ குடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 7

சின்னத்தாயியும் அதே பாட்டு. "கூடப்பிறந்தவகிட்டச் செலவு வாங்கி என்ன செய்யப் போறீக?" என்றாள். நேற்றுப் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாளே, யாரோடு பேசினாள்? என் பெண்டாட்டியையும் சேர்த்துக்கொண்டார்களா?

பிப்ரவரி 17

முடிந்தது. ஆனால் மனசு ஆறவில்லை.

கோர்ட் வராந்தாவில் அனுசுயா என் பக்கம் வந்தாள். நான்கு வருடத்தில் முதல் பேச்சு.

"அண்ணே, கேஸ் முடிஞ்சதும் வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன்."

எதற்கு? எந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்க? "எதுனாலும் வக்கீல் வழியா வரட்டும்" என்றேன். அவள் தன் வக்கீல் பக்கம் போய்விட்டாள்.

நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். செலவு கேட்டதும் அவள் சண்டைக்கு வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. முணுமுணுக்காமல் கட்டினால் பெரிதாக எதையோ வைத்திருக்கிறாள்.

எங்கள் தரப்பு செலவைக் கோருகிறதா என்று நீதிபதி கேட்டார். கார்த்திகேய சிவம் திரும்பி என்னைப் பார்த்தார். அனுசுயாவும் பார்த்தாள். "சட்டப்படி வரவேண்டியது வரட்டும்யா" என்றேன். அவள் குனிந்துகொண்டு, "கட்டிர்றேன்யா" என்றாள்.

முணுமுணுக்கவே இல்லை. நான் நினைத்தது சரிதான்.

பிப்ரவரி 28

கூரியரில் கல்யாணப் பத்திரிகை. அனுசுயா மகள் சத்தியப்பிரியாவுக்கு மார்ச் பத்தாம் தேதி பிள்ளையார்பட்டியில் கல்யாணம்.

சின்னத்தாயி அதைப் பார்த்து அழுதாள். முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்குத் தட்டோடு வர வேண்டியது. வழக்கு இருக்கிற வீட்டில் எங்கள் பக்கம் யாரும் கை நனைப்பதில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். "அதுக்குத்தான் கேஸை எடுத்தா. நீங்க வந்து மாலை எடுத்துக் குடுக்கணும்னு. அண்ணன்கிட்ட நானே வந்து சொல்லிக்கிறேன்னு என் வாயைக் கட்டிட்டா" என்றாள்.

வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன் என்றாளே. அட முட்டாளே.

'தாய்மாமன்' என்ற இடத்தில் சித்தப்பா மகன் குழந்தைவேலு பெயர். அந்த ஒரு வரி மட்டும் கொஞ்சம் மேடாகத் தட்டுப்பட்டது. துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். பழைய பழக்கம், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அடியில் என் பெயர் தெரிந்தது. முத்துக்கண்ணன். பதவியோடு, 'ஓய்வு' என்றுகூடப் போட்டிருக்கிறாள்.

மார்ச் 1

செலவு வேண்டாம் என்று இப்போது சொல்லலாமா என்று வக்கீலைக் கேட்டேன். நேற்றே கட்டிவிட்டார்களாம்.

மார்ச் 4

சின்னத்தாயி மணப்பெண்ணுக்கு மாமன் பட்டு எடுத்துவந்தாள். அரக்கு நிறம். ஒருவேளை — அனுசுயா கூப்பிட்டாலும் கூப்பிடுவாள்.

மார்ச் 10

போனோம். மாலையைக் குழந்தைவேலு எடுத்துக் கொடுத்தான். என் கண்ணைப் பார்க்காமல் கொடுத்தான், பாவம், அவன் என்ன செய்வான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பட்டு சின்னத்தாயி மடியில், பையோடு இருந்தது.

பந்தியில் அனுசுயா ஒவ்வோர் இலையாக விசாரித்துக்கொண்டே வந்தாள். என் இலை முன்னாலும் நின்றாள். மற்றவர்களைக் கேட்ட அதே முகம்.

"இப்பக் கேஸ் எதுவும் இல்லண்ணே. தாராளமாக் கை நனைங்க."

அடுத்த இலைக்குப் போய்விட்டாள். சாப்பிட்டேன். பாயசம்கூட வாங்கிக்கொண்டேன். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வரும் வழியில் காரைக்குடியில் வக்கீல் கவரைக் கொடுத்தார். செலவுத்தொகை. எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சரியாகத்தான் இருக்கும் என்றேன்.